இறந்தவர் கைத் தோட்டா

டக்.

அந்த ஒரு சத்தத்துக்கே முகம்மது ஆசிக் இரண்டடி பின்னால் போய்விட்டான். பின்னால் தாமரை நின்றதால் மூன்றாவது அடிக்கு இடமில்லை.

"கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சு. நீ என் கால் மேல நிக்கிறதும் தெரியுது. இறங்கு."

அல் ஐன் நகரத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் தனியார் துப்பாக்கி சுடும் மன்றம் அது. ஜூலை மாதம். மதியம் ஒன்றேகால். வெளியில் யாரும் வேலை செய்யக்கூடாது என்று சட்டமே போட்டுவைத்திருக்கும் நேரம். ஆளரவம் இல்லை. பூட்டிய இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் நின்றார்கள். அந்தப் பக்கம் யாரும் இருக்க முடியாது என்று மன்றத்தின் செயலாளர் பத்மநாபன் சற்று முன்னால்தான் அடித்துச் சொல்லியிருந்தார்.

டக். மறுபடியும். கனமான ஒரு நெம்புகோலை அழுத்திவிட்டு மெல்ல மேலே விடுகிற சத்தம்.

"கலீலுர் ரஹ்மான் பாய் தோட்டா செய்யுற பிரஸ்ஸோட சத்தம் இது" என்றார் பத்மநாபன். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. "பத்தொன்பது வருஷம் தினமும் கேட்ட சத்தம். அவர் இறந்து முப்பத்தொன்பது நாள் ஆச்சு மேடம்."

"கதவத் தொறங்க" என்றாள் தாமரை.

பத்மநாபனின் சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. ஒரு தடவை கீழேயும் விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்கக் குனிந்த ஆசிக், குனிந்த வாக்கிலேயே பேயை விரட்டும் ஆயத்துல் குர்சியை ஓதத் தொடங்கிவிட்டான். கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஜின்னைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளம் வாங்கும் இடம் தாமரையின் துப்பறியும் அலுவலகமாகப் போனது அவன் விதி.

கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

சிறிய அறை. சுவரோரம் ஒரு மேசை, மேசையில் திருகி இறுக்கிய பச்சை நிறப் பிரஸ், அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல். பின்சுவரை அடைத்துக்கொண்டு பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இரும்பு அலமாரி. மேசை நடுவில், ஒரு வெள்ளைத் துணித்துண்டின் மேல், பித்தளை மினுமினுக்கும் ஒரு தோட்டா நேராக நின்றுகொண்டிருந்தது.

"பதினொண்ணாவது" என்றார் பத்மநாபன். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படி ஒண்ணு நிக்குது. புதுப் பூட்டுப் போட்டும் இது ஓயல. பாய் செஞ்ச மாதிரியே இருக்கும். அதே துணி, அதே பளபளப்பு. பையன்கள் யாரும் இந்தப் பக்கமே வரமாட்டேங்கிறாங்க. தலைவர் காதுக்குப் போய், ஆள் வெச்சுக் கண்டுபிடின்னு உத்தரவு. நாலு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள முடிச்சுக் குடுத்திடுங்க."

"நாலு மணிக்குக் கமிட்டியில என்னங்க?"

"விபத்து அறிக்கையில கையெழுத்து."

விபத்தைப் பற்றி அஜ்மானிலிருந்து வரும் வழியிலேயே ஆசிக் கோப்பில் படித்திருந்தான். தன்யா. பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மன்றத்தின் நட்சத்திரம். போட்டிக்கு முந்தைய நாள் பயிற்சியில் ஒன்பதாம் நம்பர் ரைபிளில் சுட்டுக்கொண்டிருந்தாள். வியர்க்கிறது என்று பாதுகாப்புக் கண்ணாடியை அப்போதுதான் கழற்றியிருந்தாள். ஏழாவது தோட்டா உள்ளேயே கிழிந்து, சூடான புகை பின்பக்கமாகப் பீறிட்டது. வலது கண் போய்விட்டது. அந்தத் தோட்டாக்களைக் கையால் செய்தவர் காயல்பட்டினம் கலீலுர் ரஹ்மான். விசாரணையில் கேட்டதற்கெல்லாம் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "என் கைத் தவறுதான்." எட்டாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இன்று நாலு மணிக்குக் கையெழுத்தானால், ஒரு பெண்ணின் கண்ணைப் பறித்தவர் என்ற பேரோடு அவர் கதை முடியும்.

தாமரை தோட்டாவைக் கையில் எடுத்தாள். காதோரம் வைத்துக் குலுக்கினாள். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அவள் உதடு லேசாக விரிந்தது.

"ஏங்க, வெடிமருந்து எங்க வெச்சிருக்கீங்க?"

"என் ரூம்ல, பெட்டகத்துல. சாவி என் இடுப்புல."

"அதான். இந்தத் தோட்டாவுக்குள்ள மருந்து இல்ல. அடியில தீ மூட்டுற பிரைமரும் வெக்கல, வெறும் ஓட்டைதான். வெத்துக் கூடு, மேல ஒரு குண்டு, அவ்வளவுதான். இதைச் சுடவே முடியாது." ஆசிக்கிடம் நீட்டினாள். "ஏப்பா, உங்க ஊரு ஜின்னுக்குப் பெட்டகம் திறக்கத் தெரியாதா?"

ஆசிக்குக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "எங்க ஊர் ஜின்னு சுவர் வழியாப் போவும் மேடம். பெட்டகத்துக்கு மட்டும் பெர்மிஷன் லெட்டர் கேக்காது."

"அப்ப இது மனுஷன். சாவி இல்லாத மனுஷன். சுடுறதுக்காகச் செய்யல, செஞ்சு பாக்குறதுக்காகச் செஞ்சிருக்கான். எதையோ தேடுறான்."

பத்மநாபன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தாமரை அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு மேசைக்கு முன்னால் உட்காரப் போனாள். ஸ்டூலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

அது திருகித் திருகி உயரம் கூட்டும் ஸ்டூல். கடைசி மரை வரைக்கும் மேலே ஏற்றியிருந்தது. அவள் குனிந்து அடியில் விரல் விட்டாள். விரலில் துரு ஒட்டியது.

"பாய் எவ்வளவு உயரமுங்க?"

"ஆறடிக்கு மேல. கதவுல குனிஞ்சுதான் வருவார்."

"டீ, காப்பி?"

பத்மநாபன் விழித்தார். இறந்தவர் டீ குடித்ததற்கும் துப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆசிக்குக்கும் புரியவில்லை, ஆனால் புரிந்த மாதிரி தலையாட்டுவதில் அவனுக்கு நாலு வருட அனுபவம் இருந்தது.

"பால் விடாத சுலைமானி டீ குடிப்பார். அதுலயும் ஒரு கூத்து மேடம், சின்னப் பிள்ளை மாதிரி ஸ்ட்ரா போட்டுக் குடிப்பார். ரெண்டு வருஷமா அப்படித்தான். பையன்கள் கிண்டல் பண்ணுவாங்க."

"சுடச்சுட டீயை ஸ்ட்ராவுலயா?" என்றான் ஆசிக். "பாய்க்கு நாக்கு தகரமா?"

தாமரை சிரிக்கவில்லை. வெகுநேரம் அந்த ஸ்டூலையே பார்த்தாள். பிறகு பத்மநாபனைத் துப்பாக்கி அறையைத் திறந்து வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, ஆசிக்கைக் கூப்பிட்டு மேசைமேல் இருந்த மரப்பெட்டியைக் காட்டினாள். உள்ளே வரிசையாகக் கட்டைவிரல் தடிமனில் எஃகுக் குழல்கள்.

"இதுக்குப் பேரு டை. கோயமுத்தூருல பதினாலு வருஷம் டை செக் பண்ணித்தான் சோறு தின்னேன். சுட்ட தோட்டாவோட கூடு சூட்டுல உப்பிரும். துப்பாக்கிக்குள்ள தோட்டா உக்கார்ற குழிக்கு அறைன்னு பேரு. அந்த அறை என்ன உருவமோ, கூடும் அதே உருவத்துக்கு வந்துரும். மறுபடி உபயோகிக்கணும்னா டைக்குள்ள விட்டு நெரிக்கணும். அதுல ரெண்டு வகை. இது உடம்பு முழுக்க நெரிக்கிறது. இதுல போட்ட கூடு எந்தத் துப்பாக்கியிலயும் போகும்."

"ரெடிமேட் சட்டை."

"ஆமா. இது கழுத்தை மட்டும் நெரிக்கிறது. உடம்பை விட்டுரும். அதனால எந்தத் துப்பாக்கியில சுட்டதோ அதுலதான் கச்சிதமா உக்காரும். வேற துப்பாக்கியில போட்டா இறுகும், இல்லேன்னா தொளதொளன்னு நிக்கும்."

"அளவு குடுத்துத் தைச்சது. அடுத்தவன் போட்டா பொத்தான் தெறிக்கும்."

"குறி தப்பாம சுடுறவங்க அளவுச் சட்டைதான் கேப்பாங்க. பாயும் அப்படித்தான் செஞ்சிருக்கார், பாரு." கழுத்து டைகளில் நம்பர் எழுதிய துணிநாடா கட்டியிருந்தது. நாலு. ஒன்பது. "ஆனா அறிக்கை என்ன சொல்லுது? முழு டையை அளவுக்கு மேல கீழ இறக்கிட்டார், கூடு குறுகிப்போச்சு, சுட்டப்ப இழுபட்டுக் கிழிஞ்சுதுன்னு." முழு நெரிப்பு டையை எடுத்து ஊதினாள். மேலிருந்த தூசி பறந்து ஆசிக்கின் மூக்கில் ஏறியது. "இதைத் தொட்டே வருஷமாகியிருக்கும்."

ஆசிக் மூன்று தடவை தும்மி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"இப்பச் சொல்லு. ஆறடி மனுஷன். ஸ்டூலோ உச்சத்துல இருக்கு, மரையெல்லாம் துரு. ரெண்டு வருஷமா யாரும் இறக்கவே இல்ல. அவ்வளவு உசரத்துல அவர் உக்காந்தா முழங்கால் மேசையில இடிக்கும்."

ஆசிக்குக்குச் சில்லென்றது. "அப்போ உக்காந்தது?"

"குட்டையான ஒருத்தர். சுடுற டீயை ஏன் ஸ்ட்ராவுல குடிக்கணும்? டம்ளரைத் தூக்கினா சிந்தும். கை நடுங்கியிருக்கு ஆசிக். கை நடுங்குற மனுஷன் தோட்டா செய்ய முடியாது. ரெண்டு வருஷமா இங்க வேற யாரோ செஞ்சிருக்காங்க. பாய் செத்தும் தோட்டா மாறல. ஏன்னா செஞ்ச கை சாகவே இல்ல."

பேய் இல்லை என்று தெரிந்தபின் பயம் போயிருக்க வேண்டும். ஆசிக்குக்கு என்னவோ கூடிவிட்டது. பேயென்றால் ஓதி விரட்டிவிடலாம். இது யாரோ ஒரு மனுஷன், பூட்டிய அறைக்குள் வந்து, தனியாக உட்கார்ந்து, இறந்தவரின் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவன். அவனை நினைக்கப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

தாமரை அலமாரிப் பக்கம் போனாள். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் சந்து. எட்டிப் பார்த்தாள். "இங்க ஒரு கதவு இருக்கு. அவசர வாசல். போயிட்டு வா."

ஆசிக் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். வயிறு நுழைய மறுத்தது. "மேடம், இது மெலிஞ்ச ஆளுக்கான வழி. நேத்துத் தின்ன மந்திச் சோறு என்னை விடமாட்டேங்குது."

"அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன?"

"கோப்புல இருக்குற படத்துப்படி வேலைக்காரங்க குவார்ட்டர்ஸ் முற்றம். பாயோட வீடும் அங்கதான்." தலையை வெளியே இழுத்தான். "குட்டையான ஆளு, மெலிஞ்ச ஆளு, பாய் சாமான்லேர்ந்து சாவி எடுக்கத் தெரிஞ்ச ஆளு. யாராயிருக்கும்?"

"அவர் சாமானையெல்லாம் மூட்டை கட்டி யார்கிட்டக் குடுத்தாங்க?"

"அவங்க வீட்டம்மாகிட்டதான், ஷம்சாத் லாத்தாகிட்ட. ஆனா அவங்களை விட்டுடுங்க மேடம். இத்தாவுல இருக்காங்க. புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டமாட்டாங்க. எங்க ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் தலை வெச்சும் பாக்கமாட்டாங்க. நான் அவங்க பேரைச் சந்தேக லிஸ்ட்ல எழுதவே இல்ல."

"யாருமே தலை வெச்சுப் பாக்கமாட்டீங்க" என்று தாமரை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

சொன்னது தன் வாய்தான் என்பது அப்போதுதான் ஆசிக்குக்கு உறைத்தது.

*

முற்றத்தின் கடைசி வீடு. வாசலில் கனத்த திரை. தாமரை உள்ளே போனாள். ஆசிக் முறைப்படி திரைக்கு வெளியே, சுவரோர நிழலில் நின்றான். உள்ளே சாம்பிராணி வாசனை கூட இல்லை, வெறும் சோப்பு வாசனை. ஒரு மெல்லிய குரல் மட்டும் வந்தது.

"வெளிய நிக்கிற தம்பி எந்த ஊரு?"

"கீழக்கரை, லாத்தா."

"நம்ம கடலோர ஊர்தான்." திரை லேசாக அசைந்தது. "நீங்கோ கதவு திறக்குற சத்தம் கேட்டுது. இன்னைக்குப் பிடிபட்டுடுவேன்னு தெரியும். பிடிபட்டா நல்லதுன்னும் இருந்துச்சு. நான் மதில் தாண்டலைமா. இந்த முற்றத்துலேர்ந்து அந்தக் கதவு வரைக்கும் பதிமூணு எட்டு. அதுவும் பாவமா இருந்தா அல்லா என்கிட்டக் கேட்டுக்கட்டும்."

தாமரை ஏதும் கேட்கவில்லை. அவள் கேட்காமலிருந்தால் ஆட்கள் பேசுவார்கள் என்பது ஆசிக்குக்குத் தெரியும்.

"அவுங்க கை நடுங்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு. தெரிஞ்சா வேலை போயிரும், விசா போயிரும். நான் சோறு கொண்டு போவேன். கதவைச் சாத்திக்கிட்டு நான் செய்வேன், அவுங்க பக்கத்துல நின்னு பாப்பாங்க. டை மாத்துறது, இறக்குறது, பூட்டு வளையத்தை இறுக்குறது, எல்லாம் என் கை. தோட்டா வெளிய போனா அவுங்க பேரு." குரல் உடைந்தது. "அன்னைக்கு அந்தப் புள்ளை போட்ட தோட்டா நான் செஞ்சது. தன்யா எனக்குச் சலாம் சொல்லாம ஒரு நாளும் போகாது. அதோட கண்ணை நான் எடுத்துட்டேனான்னு தெரியணும். அதுக்குத்தான் போறேன். அதே டை, அதே கூடு, அதே மாதிரி ஒண்ணு செஞ்சு, எங்க தப்புனேன்னு பாக்குறேன். வீட்டுக்குக் கொண்டு வர முடியாது, வீட்டுல தோட்டா இருந்தா ஜெயில். அதான் அங்கேயே நிப்பாட்டி வெச்சுட்டு வந்துடுவேன். பதினொண்ணு செஞ்சேன். தப்பு எங்கன்னு தெரியலமா. தெரியாமலேயே நான் எப்புடி இருக்குறது?"

ஆசிக் முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஒரே ஒரு கேள்விங்க" என்றாள் தாமரை. "அன்னைக்குச் செஞ்சது எந்த டையில?"

"ஒம்போது நம்பர் கழுத்து டை. ஒம்போதுக்கு எப்பவும் அதுதான்."

"முழு டையைத் தொடவே இல்லையா?"

"அதைத் தொட்டு வருஷக்கணக்காச்சு."

தாமரை வெளியே வந்தபோது மணி இரண்டேமுக்கால். அவள் நடையில் ஒரு வேகம் வந்திருந்தது. "ஆசிக், வீடியோ ஆன் பண்ணு. துப்பாக்கி அறைக்குப் போலாம்."

*

துப்பாக்கி அறையில் நாலாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் அக்கம்பக்கமாகச் சாய்ந்திருந்தன. இரட்டைப் பிள்ளைகள். மரக்கட்டையில் சூடு போட்ட நம்பரைத் தவிர வித்தியாசமே தெரியாது. பத்மநாபன் கமிட்டிக்கான பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆளைக் கண்டுபிடிச்சாச்சு" என்றாள் தாமரை. "மருந்தில்லாத தோட்டா, யாருக்கும் ஆபத்தில்ல. பேரை நாலு மணிக்குச் சொல்றேன். அதுக்கு முன்னால அந்த விபத்துப் பெட்டியைக் கொஞ்சம் தொறங்க."

"அது சீல் வெச்சது மேடம்."

"தலைவருக்கு போன் போடட்டுங்களா?"

பெட்டி திறந்தது. இருபது தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி. பதின்மூன்று சுடாதவை. கிழிந்த கூடு ஒன்று. அதற்கு முன்னால் தன்யா சுட்ட ஆறு வெற்றுக் கூடுகள்.

தாமரை தன் பையிலிருந்து அளவுக்கோலை எடுத்தாள். சுடாதவற்றில் ஒன்றையும் பாயின் அறையிலிருந்து கொண்டுவந்த வெற்றுத் தோட்டாவையும் அளந்தாள். "ரெண்டும் ஒண்ணு. மயிரளவு வித்தியாசம் இல்ல. அப்புறம், மருந்தில்லாத இதை ஒம்போதுல போட்டுப் பாக்குறேன்." போட்டாள். அறையை மூடும் போல்ட்டைத் தள்ளி மடக்கினாள். அழகாக, இறுக்கமாக, பூட்டிக்கொண்டது. "ஒம்போதுக்குத் தைச்ச சட்டை. டையில தப்பில்ல."

"தோட்டா சரின்னா ஏன் கிழியணும்?" என்றார் பத்மநாபன். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"அதைத்தான் கேக்கப்போறேன். உங்ககிட்ட இல்ல, இதுங்ககிட்ட." ஆறு வெற்றுக் கூடுகளில் ஒன்றை எடுத்தாள். "இது அன்னைக்கு ஒம்போதுல சுட்டது. சுட்ட கூடு சுட்ட அறையோட உருவத்துல இருக்கும். திருப்பி அங்கேயே போட்டா சுகமாப் போகணும். சரிங்களா?"

ஒன்பதில் போட்டாள். போல்ட்டை மடக்கினாள். மடங்கவில்லை. அழுத்தினாள். பாதியில் நின்றது. இரண்டாவது கூடு, மூன்றாவது, ஆறும் அப்படியே.

"ஏ.சி.யில சுருங்கியிருக்கும்" என்றார் பத்மநாபன்.

"சுருங்கினா உள்ள போகணும் சார்" என்றான் ஆசிக். "வெளிய நிக்காது. நான் அலமாரி சந்துல நின்ன மாதிரி நிக்குது."

தாமரை அதே கூட்டை நாலாம் நம்பர் ரைபிளில் போட்டாள். போல்ட் எண்ணெய் போட்ட தாழ்ப்பாளாகச் சரிந்து பூட்டிக்கொண்டது. ஆறு கூடுகளும் ஆறு தடவை.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு கையில இருந்தது ஒம்போது இல்லைங்க. நாலு. நாலோட அறை பெருசு. ஒம்போதோட தோட்டா அதுல தொளதொளன்னு உக்காரும். ஒவ்வொரு கூடும் சுடும்போது நீண்டிருக்கும். ஏழாவது தாங்கல."

"கட்டையில ஒன்பதுன்னுதானே போட்டிருந்தது! எல்லாரும் பார்த்தாங்க!"

"கட்டையில ஒம்போது. இரும்புல?" அவள் இரண்டு ரைபிள்களையும் கவிழ்த்து வைத்தாள். "இந்த அறையில முப்பது துப்பாக்கி இருக்கு. இந்த ரெண்டுல மட்டும் கட்டையைப் பிடிச்சிருக்குற ஸ்க்ரூ தலை புதுசாக் கீறியிருக்கு. ஒரு தடவை கழட்டி மாட்டின கீறல் இல்ல, ரெண்டு தடவை. முதல் தடவை மாத்தி மாட்டியிருக்கு. ரெண்டாவது தடவை, விபத்துக்கு அப்புறம், சரியா மாட்டியிருக்கு. இந்த அறைக்குச் சாவி யார்கிட்ட?"

பத்மநாபன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஆசிக் போனை இறக்கவில்லை.

"வேணும்னு பண்ணல" என்றார். "போட்டிக்கு முன்னால கடலோர ரேஞ்சுக்குக் கொண்டு போயிருந்தோம். உப்புக் காத்து. துரு பிடிக்கும்னு ரெண்டையும் கழட்டி எண்ணெய் போட்டேன். அவசரத்துல மாத்தி மாட்டிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் இரும்புல இருக்குற நம்பரைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. சொல்லியிருப்பேன் மேடம், சத்தியமாச் சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில பாய் தானா வந்து என் கைத் தவறுன்னு நின்னார். எனக்கு ரெண்டு பொண்ணுங்க, இங்க ஸ்கூல்ல படிக்கிறாங்க..."

"அவரு ஏன் அப்படிச் சொன்னாருன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?"

பத்மநாபன் இல்லையென்று தலையாட்டினார்.

"மூணே முக்கால் ஆச்சு" என்றாள் தாமரை. "கமிட்டிக்கு நீங்களே சொல்லிருங்க. இல்லேன்னா இந்தத் தம்பி போன் சொல்லும். தோட்டா சரி, டை சரின்னு மட்டும் எழுதினாப் போதும். யாரு செஞ்சாங்கன்னு அந்தத் தாள்ல எங்கயும் வரக்கூடாது."

*

அஸர் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்து, கமிட்டியும் கலைந்திருந்தது. ஆசிக் மறுபடி அதே திரைக்கு வெளியே நின்றான். இந்த முறை நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறோம் என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே தாமரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு, ஒன்பது, மாறின கட்டை, ஆறு கூடு.

"அப்போ என் கை இல்லையா?"

"இல்லைங்க. உங்க கை சரியாத்தான் செஞ்சுது. அறிக்கையை மாத்துறாங்க. அவர் பேருல தப்பு இருக்காது."

"அல்ஹம்துலில்லாஹ்." அவள் அழுவது கேட்டது. நிம்மதியின் அழுகை என்று நினைத்து ஆசிக் பெருமூச்சு விட்டான். அழுகை நின்றது. அதற்குப் பிறகு வந்த குரல் வேறாக இருந்தது.

"எட்டு நாளுமா. அந்தப் புள்ளைக்கு அப்படி ஆன நாள்லேர்ந்து அவுங்க மவுத்தாகுற வரைக்கும் எட்டு நாளு. 'நீ டையை இறக்கினியா'ன்னு ஒரு வார்த்தை என்கிட்டக் கேக்கல. கேட்டிருந்தா இல்லேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். நானும் வாயைத் திறக்கல, என் கையாத்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன். ஒரே பாயில படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் பேசாம கிடந்தோம்."

"உங்களைக் காப்பாத்தணும்னுதான் அவரு அப்படிச் சொன்னாருங்க" என்றாள் தாமரை. யாருக்கும் ஆறுதல் சொல்லிப் பழகாதவள் அவள். அந்த ஒரு வாக்கியத்துக்கே தடுமாறினாள்.

"என்னத்துலேர்ந்துமா?" என்றாள் ஷம்சாத். "நான்தான் ஒண்ணுமே செய்யலியே. என்னைத்தான் அந்தப் புள்ளையக் குருடாக்குனவள்னு நெஞ்சுல வெச்சுக்கிட்டே கண்ணை மூடிட்டாங்களே. அவுங்களுக்கு யாரு போய் இதைச் சொல்றது?"